கொரோனா காலத்தில் ஏன் மாற்றி மாற்றிச் சொன்னார்கள்?

கேள்வி இதுதான்: "முதலில் முகக்கவசம் எல்லோருக்கும் தேவையில்லை என்றார்கள், பிறகு போடாவிட்டால் அபராதம் என்றார்கள். பிளாஸ்மா உயிரைக் காக்கும் என்றார்கள், பிறகு பயனில்லை என்றார்கள். ரெம்டெசிவிர் மருந்துக்காகக் கீழ்ப்பாக்கத்தில் வெயிலில் வரிசை கட்டி நின்றோம், அதுவும் பெரிதாக உதவவில்லை என்கிறார்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கும் நோய் வந்தது. அப்படியானால் அந்த இரண்டு ஆண்டுகளில் நடந்த ஆராய்ச்சியால் நமக்கு என்ன பயன்?"

கேட்டவரின் கோபம் நியாயமானது. ஆனால் அவர் ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கும் நான்கு விஷயங்களும் நான்கு வெவ்வேறு வகைச் சிக்கல்கள். மருத்துவ மாணவர்களுக்குத் தொற்றுநோயியல் கற்பிப்பவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய நோய் ஒன்றைப் பற்றிய கருத்துகள் மாறுவது இயல்பு. அதில் வெட்கப்பட ஏதுமில்லை. எங்கெல்லாம் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் சரியாக எண்ணுவதற்கும் ஏற்பாடு இருந்ததோ, அங்கெல்லாம் சில மாதங்களிலேயே தெளிவான விடை கிடைத்தது. அந்த ஏற்பாடு இல்லாத இடங்களில் லட்சக்கணக்கான நோயாளிகள் வந்துபோன பிறகும் விடை கிடைக்கவில்லை. இரண்டுக்கும் சென்னையிலேயே சான்றுகள் இருப்பதால் வெளியூர்க் கதைகளை அதிகம் தேட வேண்டியதில்லை.

ஆய்வகத்தின் பக்கம் வேகத்துக்குக் குறைவே இருக்கவில்லை. ஏறக்குறைய 30 ஆயிரம் எழுத்துகள் கொண்ட அந்த வைரஸின் மரபணு வரிசையைச் சீன ஆய்வாளர்கள் 2020 ஜனவரி இரண்டாம் வாரத்தில் பொதுவெளியில் வைத்தார்கள். ஒரு வாரம் ஆவதற்குள் அதைக் கண்டறியும் ஆர்டி-பிசிஆர் முறையை ஜெர்மனியில் ஒரு குழு வடிவமைத்துவிட்டது. தொடக்கத்தில் நம் மாதிரிகள் புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனத்துக்குத்தான் போயின. விரைவிலேயே கிண்டி கிங் நிலையத்தில் பரிசோதனை தொடங்கியது. 1899-இல் நிறுவப்பட்டு, அம்மைத் தடுப்பு மருந்து தயாரிப்பில் பெயர் பெற்ற நிலையம் அது. ஓமனிலிருந்து திரும்பிய காஞ்சிபுரத்துக்காரர் ஒருவருக்கு 2020 மார்ச் 7 அன்று தொற்று உறுதியானபோது, தமிழகத்தில் பரிசோதனை செய்ய இடம் இருந்தது. அடுத்த மாதங்களில் ஆய்வகங்கள் மாவட்டந்தோறும் பெருகின.

ஆனால் பரிசோதனை என்ற சொல்லுக்குள் பல பரிசோதனைகள் அடங்கியிருப்பது அப்போது பலருக்குப் புரியவில்லை. 2020 ஏப்ரலில் சீனாவிலிருந்து ரேபிட் டெஸ்ட் கிட்டுகள் வந்திறங்கியபோது, அரை மணி நேரத்தில் முடிவு தெரியும் என்று நாளிதழ்கள் எழுதின. அந்தக் கருவிகள் தேடியது வைரஸை அல்ல, வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளை. தொற்று ஏற்பட்டு ஒன்று முதல் இரண்டு வாரம் கழித்தே எதிர்ப்பொருள் அளவிடத்தக்க அளவுக்கு உயரும். நோய் பரவும் நாள்கள் அதற்குள் பெரும்பாலும் கடந்துவிடும். ஒருவர் இன்று தொற்றைப் பரப்பக்கூடியவரா என்று அறிய அந்தக் கருவி தரமானதாக இருந்தாலும் உதவாது. தரமும் மோசமாக இருந்ததால், சில நாள்களுக்குள் பயன்பாட்டை நிறுத்தும்படியும், பின்னர் திருப்பி அனுப்பும்படியும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆர் மாநிலங்களுக்குச் சொல்லவேண்டியதாயிற்று. விலை குறித்த சர்ச்சை தனியாக நீதிமன்றம் வரை போனது.

அதன் பிறகு தமிழகம் எடுத்த முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது. டெல்லி போன்ற இடங்களில் வைரஸின் புரதத்தைத் தேடும் விரைவு ஆன்டிஜென் பரிசோதனை பெருமளவில் நடந்தபோது, இங்கே ஆர்டி-பிசிஆர் மட்டுமே என்று அரசு உறுதியாக நின்றது. 2020 செப்டம்பர், அக்டோபரில் நாள்தோறும் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் அப்படிப் பரிசோதிக்கப்பட்டன. முடிவு வரத் தாமதமாகும், செலவும் கூடுதல். இருந்தாலும் இன்றைய எண்ணையும் சென்ற மாத எண்ணையும் ஒரே அளவுகோலால் ஒப்பிட முடிந்தது. பாதிப் பரிசோதனை ஒரு முறையிலும் மீதி வேறு முறையிலும் நடந்திருந்தால், தொற்று குறைகிறதா, கண்டறியும் திறன் குறைகிறதா என்று சொல்வதே கடினமாகியிருக்கும்.

இனி பரவலுக்கு வருவோம். கோயம்பேடு சந்தை சென்னைவாசிகளுக்கு அறிமுகம் தேவையில்லாத இடம். ஊரடங்கிலும் காய்கறி வேண்டுமே என்பதால் அது திறந்தே இருந்தது. ஏப்ரல் கடைசியில் நான்கு நாள் முழு ஊரடங்கு அறிவிக்கப்பட்டதும், அதற்கு முன்பாகவே வாங்கி வைத்துவிட வேண்டும் என்று கூட்டம் அலைமோதியது. மே 5 அன்று சந்தை மூடப்பட்டு, வியாபாரம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. அதற்குள் சுமைதூக்கும் தொழிலாளர்களும் லாரி ஓட்டுநர்களும் அரியலூர், கடலூர், விழுப்புரம் என்று சொந்த ஊர்களுக்குத் திரும்பியிருந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் அதிகமான தொற்றுகள் அந்த ஒரே சந்தையுடன் தொடர்புடையவையாகக் கண்டறியப்பட்டன. கூட்டம் சேரக்கூடாது என்பதற்காக விதித்த கட்டுப்பாடு, விதித்த விதத்தாலேயே கூட்டத்தைக் கூட்டியது. ஊரடங்கைப் பற்றிய கணித மாதிரிகளில் இந்த முந்தைய நாள் நெரிசல் பொதுவாக இடம்பெறுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

கோயம்பேட்டில் நிகழ்ந்தது விதிவிலக்கன்று என்பதை ஒரு பெரிய ஆய்வு எடுத்துக்காட்டியது. தமிழகத்திலும் ஆந்திரத்திலும் தொற்றாளர்களுடன் தொடர்பில் இருந்தவர்களைக் களப்பணியாளர்கள் தேடிப்பிடித்து எழுதிய பதிவேடுகளை வைத்து, ரமணன் லட்சுமிநாராயணன் தலைமையிலான குழு 2020 செப்டம்பர் இறுதியில் 'சயின்ஸ்' இதழில் அந்தக் கட்டுரையை வெளியிட்டது. ஏறக்குறைய 85 ஆயிரம் தொற்றாளர்கள், அவர்களுடன் தொடர்பில் இருந்த 5.75 லட்சம் பேர் என்ற அளவில் அப்படியொரு ஆய்வு அதுவரை எங்கும் வந்திருக்கவில்லை. தொற்றாளர்களில் சுமார் 70 சதவீதம் பேரின் தொடர்புகளில் ஒருவருக்கும் தொற்று கண்டறியப்படவில்லை. சிறு பங்கினரே பெரும்பான்மையான தொற்றுகளுக்குக் காரணமாக இருந்தார்கள். அதே கட்டுரையில் இன்னொரு செய்தியும் இருந்தது. மருத்துவமனையில் இறந்தவர்கள் சேர்ந்த நாளிலிருந்து இறப்பு வரை இருந்த காலம் இடைநிலை (median) அளவில் இங்கே 5 நாள்தான். அமெரிக்காவில் அது சுமார் இரண்டு வாரம். அவ்வளவு காலதாமதமாக நம் மக்கள் வந்து சேர்ந்தார்கள் என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். தெருமுனைக் காய்ச்சல் முகாம்களில் விரலில் ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்த்த மாநகராட்சிப் பணியாளர்கள், நோயாளி வருவதற்குக் காத்திராமல் நோயாளியைத் தேடிப்போனது இந்த இடைவெளியைக் குறைக்கத்தான். ஒரு ஆக்சிமீட்டரின் விலைக்கு இவ்வளவு பயன் தந்த சாதனம் வேறு ஏதாவது இருந்ததா என்பது சந்தேகமே.

எவ்வழியாகப் பரவுகிறது என்பதில்தான் அறிவியல் உலகம் உண்மையிலேயே சறுக்கியது, அதை மறைக்கத் தேவையில்லை. 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம், இந்நோய் காற்றின் வழியாகப் பரவுவதில்லை என்று திட்டவட்டமாக அறிவித்தது. பேசும்போதும் மூச்சு விடும்போதும் வெளிவரும் நுண்துளிகள் மூடிய அறையில் வெகுநேரம் மிதக்கக்கூடியவை என்று காற்றியல் அறிந்தவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஜூலையில் 239 அறிவியலாளர்கள் கையெழுத்திட்ட திறந்த மடல் வெளியான பிறகுதான் அதற்கு வாய்ப்பு உண்டு என்ற ஒப்புதல் அரைமனதோடு வந்தது. அந்தத் தாமதத்தின் விலையை நம் தெருக்களில் காணமுடிந்தது. சாலைகளிலும் சுவர்களிலும் ஹைப்போகுளோரைட் தெளித்தோம், ப்ளீச்சிங் பவுடர் தூவினோம், தெருவின் வாயில் தகரம் அடித்தோம், காய்கறிகளைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். மனிதர்கள் மேலேயே கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கப்பாதைகள் சில ஊர்களில் திறக்கப்பட்டன. அவற்றைப் பயன்படுத்தக்கூடாது என்று தமிழகப் பொது சுகாதாரத் துறை ஏப்ரல் மாதமே அறிவுறுத்தியது பாராட்டத்தக்கது. ஏசி போட்டு ஜன்னலை அடைத்த நகைக்கடைகளிலும் துணிக்கடைகளிலும் காற்றோட்டம் எப்படி இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. வாசலில் நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டியதோடு கடமை முடிந்தது.

முகக்கவசம் பற்றிய குழப்பமும் இங்கிருந்து பிறந்ததே. கனமான எச்சில் துளிகள்தான் காரணம் என்று நம்பினால், இருமுகிறவர் மட்டும் மூக்கையும் வாயையும் மூடினால் போதும் என்ற முடிவுக்குத்தான் வருவோம். அறிகுறி இல்லாதவரும் வெறும் பேச்சாலேயே பரப்பலாம் என்று தெரிந்ததும் அறிவுரை மாறியது. மருத்துவமனைகளுக்கே முகக்கவசம் போதாமல் போய்விடுமோ என்ற அச்சமும் தொடக்கத்தில் அதிகாரிகளுக்கு இருந்தது. அந்த அச்சத்தை வெளிப்படையாகச் சொல்லாமல், பயனில்லை என்ற மருத்துவக் காரணமாக மாற்றிச் சொன்னது பல நாடுகளிலும் செய்த பிழை. பற்றாக்குறையைப் பற்றாக்குறை என்றே சொல்லியிருந்தால் மக்கள் புரிந்துகொண்டிருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வியின் முக்கியமான பகுதி மருந்துகள் பற்றியது. குணமானவரின் ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவை எடுத்து நோயாளிக்குச் செலுத்தினால் அதிலுள்ள எதிர்ப்பொருள் வைரஸை அழிக்கும் என்பது கேட்பதற்கு மிகவும் பொருத்தமாக இருக்கும் கருத்து. ஆனால் பெரும்பாலான நோயாளிகள் எதைக் கொடுத்தாலும், எதையும் கொடுக்காவிட்டாலும் தேறிவிடும் நோய் இது. பிளாஸ்மா பெற்ற பத்துப் பேரில் ஒன்பது பேர் பிழைத்தார்கள் என்று ஒரு மருத்துவர் மனமாரச் சொன்னால், பெறாத பத்துப் பேரில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்ற எண் இல்லாமல் அதற்குப் பொருளே இல்லை. அந்த இரண்டு குழுக்களையும் மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல், குலுக்கல் முறையில் பிரிக்கவேண்டும். இல்லாவிட்டால் பணமுள்ளவர், இளையவர், சீக்கிரம் வந்து சேர்ந்தவர் எல்லாம் தெரிந்தோ தெரியாமலோ மருந்து பெறும் பக்கம் சேர்ந்துவிடுவார்கள்.

இதை உலகில் முதலில் பெரிய அளவில் செய்து முடித்தவர்களில் நாமும் உண்டு என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. ஐசிஎம்ஆர் நடத்திய 'பிளாசிட்' ஆய்வில் 2020 ஏப்ரல் 22 முதல் ஜூலை 14 வரை 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். சென்னையில் அயப்பாக்கத்தை அடுத்து வளாகம் கொண்டுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஆய்வாளர்களுக்கு அதில் முக்கியப் பங்கு உண்டு. பிளாஸ்மா பெற்றவர்களில் 19 சதவீதம் பேருக்கு நோய் முற்றியது அல்லது இறப்பு நேர்ந்தது; பெறாதவர்களில் 18 சதவீதம். வேறுபாடு இல்லை. அக்டோபரில் 'பிஎம்ஜே' இதழில் இது வெளியாயிற்று. இவ்வளவு தெளிவான விடை நம் நாட்டிலிருந்தே வந்தும், தேசியச் சிகிச்சை நெறிமுறையிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது 2021 மே மாதத்தில்தான். இடைப்பட்ட ஏழு மாதங்களில், அதிலும் குறிப்பாக இரண்டாம் அலையின்போது, வாட்ஸ்அப் குழுக்களில் "ஓ பாசிட்டிவ் பிளாஸ்மா அவசரம்" என்று வந்த செய்திகளை நினைத்துப் பாருங்கள். எத்தனை குடும்பங்கள் நோயாளியின் அருகில் இருக்கவேண்டிய நேரத்தைக் கொடையாளரைத் தேடுவதில் கழித்தன! அந்தப் பழியை ஆராய்ச்சியின் மீது போடமுடியாது. விடை கையில் இருந்தது, நெறிமுறைதான் அசையவில்லை.

சென்னைக்கு இவ்வகை ஆய்வில் நீண்ட மரபு உண்டு என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் கூடுதல் வருத்தம். சேத்துப்பட்டிலுள்ள இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1950-களின் இறுதியிலேயே, காசநோயாளிகளைச் சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையில் வைத்தாலும் வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் குணமாகும் அளவில் வேறுபாடு இல்லை என்று குலுக்கல் முறை ஆய்வின் மூலம் காட்டி, உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் லட்சக்கணக்கானோரைச் சேர்த்துத் தொடங்கிய பிசிஜி தடுப்பூசி ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் அந்த ஊசிக்குப் பலனில்லை என்ற கசப்பான முடிவை 1979-இல் தந்தது. எதிர்பார்ப்புக்கு நேர்மாறான அதையும் அப்படியே வெளியிட்டார்கள். அந்த நிறுவனமே 2020-இல், முதியவர்களைக் கொரோனாவிலிருந்து பிசிஜி காக்குமா என்று ஆராயத் தொடங்கியது. பிசிஜி போடும் நாடுகளில் இறப்பு குறைவு என்ற ஊகம் அப்போது உலகெங்கும் பேசப்பட்டது; பிற்பாடு மருத்துவப் பணியாளர்களிடம் பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வொன்று அந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை.

ஒப்பீடு இல்லாமல் அவசரப்பட்டதற்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து நல்ல சான்று. மருத்துவப் பணியாளர்கள் முன்தடுப்பாக அதை உட்கொள்ளலாம் என்று 2020 மார்ச்சிலேயே ஐசிஎம்ஆர் அறிவுறுத்தியபோது மனிதர்களிடம் நடந்த தக்க ஆய்வு எதுவும் இல்லை. எதிர்த்திசையிலும் கூத்து நடந்தது. அம்மருந்து உயிரிழப்பைக் கூட்டுகிறது என்று 96 ஆயிரம் நோயாளிகளின் தரவை வைத்து 'லான்செட்' மே 22 அன்று வெளியிட்ட கட்டுரை, அந்தத் தரவைச் சரிபார்க்கவே வழியில்லை என்று தெரிந்ததும் ஜூன் 4 அன்று திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் உலக சுகாதார நிறுவனம் தன் ஆய்வின் அந்தப் பகுதியை நிறுத்தி, மீண்டும் தொடங்கியிருந்தது. புகழ்பெற்ற இதழில் வந்துவிட்டது என்பது மட்டுமே ஒரு முடிவுக்குச் சான்றாகாது என்று என் மாணவர்களுக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது.

இதே காலத்தில் பிரிட்டனின் 'ரெக்கவரி' ஆய்வு, சில ரூபாய்க்குக் கிடைக்கும் டெக்சாமெத்தசோன் என்ற பழைய ஸ்டீராய்டை நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் பெற்றவர்களின் இறப்பு ஐந்தில் ஒரு பங்கு வரையும் குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை, தீங்குக்கான சாயல்கூட இருந்தது. இந்தக் கடைசி வரி இங்கே பலர் காதில் விழவில்லை. காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே வீட்டில் ஸ்டீராய்டு எழுதிக்கொடுத்த சீட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். கட்டுப்பாடற்ற சர்க்கரையோடு அது சேர்ந்ததுதான் 2021 கோடையில் கருப்புப் பூஞ்சை நோய் பெருகியதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ரெம்டெசிவிர் கதையும் இதைப் போன்றதே. மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளின் உயிரிழப்பை அது குறைப்பதாகத் தெரியவில்லை என்று 2020 நவம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைக்காமல் விட்டது. ஆனாலும் 2021 ஏப்ரல் இறுதியில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் அரசு விற்பனை தொடங்கியதும் வெளி மாவட்டங்களிலிருந்தும் மக்கள் வந்து நடைபாதையிலேயே காத்திருந்தார்கள். மே நடுவில் விற்பனையை நேரு விளையாட்டரங்கத்துக்கு மாற்றியும் நெரிசல் தீராததால், மருத்துவமனைகளுக்கே நேரடியாக வழங்குவது என்று அரசு முறையை மாற்றிக்கொண்டது. அதை முதல் நாளே செய்திருக்கலாம். நோய் தொடங்கிய சில நாள்களுக்குள், இன்னும் மருத்துவமனைக்கு வராத அபாயமுள்ளவர்களுக்குக் கொடுத்தால் நல்ல பலன் உண்டு என்று பின்னால் வந்த ஆய்வு காட்டியது உண்மை. வரிசையில் நின்றவர்களின் உறவினர்களோ பெரும்பாலும் அந்தக் கட்டத்தைத் தாண்டி, மூச்சுத் திணறலோடு படுக்கையில் இருந்தார்கள்.

கபசுரக் குடிநீர் பற்றியும் கேட்பீர்கள். மாநகராட்சியே அதைப் பரவலாக விநியோகித்தது. சித்த மருத்துவ மையங்களும் சென்னையில் இயங்கின. சிறிய ஆய்வுகள் சில வந்தன. உயிரிழப்பைக் குறைக்கிறதா என்ற கேள்விக்கு விடை சொல்லும் அளவுக்கு அவை பெரியவையல்ல. அவ்வளவு பேருக்குக் கொடுத்தபோதே வார்டுகளைக் குலுக்கல் முறையில் பிரித்து முறையாக ஒப்பிட்டிருந்தால், ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் இன்றுவரை நம்பிக்கையின் அடிப்படையிலேயே சண்டையிடும் நிலை வந்திருக்காது.

இதுவரை சொன்னது சிகிச்சையைப் பற்றி. எண்ணுவதைப் பற்றிச் சொன்னால்தான் பொது சுகாதாரத்தின் உண்மையான சுமை புரியும். 2020 ஜூலையில் தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் மாநகராட்சியும் சேர்ந்து சென்னையில் 12,405 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது 21.5 சதவீதம் பேரிடம் எதிர்ப்பொருள் இருந்தது. ஏறக்குறைய 70 லட்சம் மக்கள் உள்ள நகரில் அது சுமார் 15 லட்சம் பேர். அந்த நாளில் உறுதிசெய்யப்பட்ட தொற்றுகளோ ஒரு லட்சத்தை எட்டவில்லை. தண்டையார்பேட்டை, ராயபுரம் போன்ற நெருக்கடியான வடசென்னை மண்டலங்களில் அளவு மிக அதிகமாகவும், மாதவரம் பக்கம் மிகக் குறைவாகவும் இருந்தது. அக்டோபரில் மறுபடி பார்த்தபோது 32.3 சதவீதம். ஒவ்வொரு மாலையும் தொலைக்காட்சியில் வாசிக்கப்பட்ட எண் நோயின் அளவைச் சொல்லவில்லை, நம் வலையில் சிக்கியதின் அளவையே சொன்னது என்பதை இவ்வாய்வுகள் காட்டின. நாளொன்றுக்கு ஐந்து எண் கூடியது, பத்து எண் குறைந்தது என்று பதறியதிலும் மகிழ்ந்ததிலும் பெரும்பகுதி வீண்.

இறப்பை எண்ணுவதில் இன்னும் கடினமான சிக்கல் இருந்தது. 2020 ஜூனில், மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் கொரோனா என்று எழுதப்பட்ட பல பெயர்கள் மாநில அரசின் பட்டியலில் இல்லை என்ற செய்தி வெளிவந்தது. குழு அமைத்து ஆராய்ந்த பின் ஜூலை 22 அன்று விடுபட்ட 444 இறப்புகளை அரசு பட்டியலில் சேர்த்தது. தனியார் மருத்துவமனைகள் தகவல் அனுப்பாதது, சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர் இறந்தால் அதையே காரணமாக எழுதும் பழக்கம், பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே நேர்ந்த இறப்பு எனக் காரணங்கள் பல. ஒப்புக்கொண்டு திருத்தியது நல்ல செயல்தான்.

ஆனால் முழுக் கணக்கு அப்போதும் வரவில்லை. காரணம் எதுவாக எழுதப்பட்டிருந்தாலும் நகரில் வழக்கத்தைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பார்ப்பதே நம்பகமான முறை. சென்னையில் இறப்புப் பதிவு ஏறக்குறைய முழுமையானது என்பதால் அது இங்கே சாத்தியமாயிற்று. அன்றைய பொது சுகாதாரத் துறை இயக்குநர் செல்வவிநாயகமும் பங்கேற்ற, 'லான்செட்' குழும இதழில் வெளிவந்த அந்த ஆய்வின்படி, 2020 மார்ச் முதல் 2021 ஜூன் வரை எதிர்பார்த்ததைவிட 25,990 இறப்புகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. அதே காலத்துக்கு அரசுக் கணக்கில் சென்னையின் கொரோனா இறப்புகள் சுமார் 8 ஆயிரம். எளிய மக்கள் வாழும் பகுதிகளில் பாதிப்பு அதிகம் என்பதும் அதில் தெரிந்தது. கூடுதல் இறப்பு எல்லாமே வைரஸால் நேர்ந்தவை என்று சொல்லமுடியாது. டயாலிசிஸுக்கு வரமுடியாமல் போனவரும், மாரடைப்போடு ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தவரும் அதில் இருப்பார்கள். அவர்களையும் பெருந்தொற்றின் கணக்கில்தான் வைக்கவேண்டும் என்பது என் கருத்து. இன்னொரு செய்தி: இப்படிக் கணக்கிட்டுப் பார்க்க முடிந்ததற்குக் காரணம், பல ஆண்டுகளாக மண்டல அலுவலகங்களில் பிறப்பு இறப்புப் பதிவைச் செய்துவந்த எழுத்தர்கள். பதிவே இல்லாத ஊர்களின் இறப்புகளை இன்றும் மதிப்பீடுகளால்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

தடுப்பூசிக்கு வருகிறேன். 2021 ஜனவரி 16 அன்று பணி தொடங்கியது. சில வாரங்கள் வரை ஊசி இருந்தது, ஆள் வரவில்லை. தயக்கத்தை உடைக்க ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு ஏற்பட்டு, 17-ஆம் தேதி அதிகாலை காலமானார். தமிழகத்தில் அந்த ஒரு செய்தி செய்த சேதத்தை எந்தப் புள்ளிவிவரமும் உடனே சரிசெய்ய முடியவில்லை. ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை, இரண்டும் அடுத்தடுத்து நிகழ்ந்த தற்செயல் என்று தேசியக் குழு ஆராய்ந்து அறிவிக்க அக்டோபர் ஆயிற்று. லட்சக்கணக்கானோருக்கு ஊசி போடும்போது, ஊசி இல்லாவிட்டாலும் அந்த வாரத்தில் மாரடைப்பு வரவிருந்தவர்கள் சிலர் அவர்களிடையே இருந்தே தீருவார்கள் என்பதை நிகழ்வுக்கு முன்பே மக்களிடம் பேசியிருக்கவேண்டும். நிகழ்ந்த பிறகு சொன்னால் அது சமாளிப்பாகத்தான் ஒலிக்கும்.

மே மாதம் நிலைமை தலைகீழானது. சென்னையில் மட்டும் நாளொன்றுக்கு 7 ஆயிரத்துக்கும் மேல் தொற்று பதிவாகி, ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்ற அந்த நாள்களில், ஆள் வந்தார்கள், ஊசி இல்லை. மாநில அரசு விடுத்த உலகளாவிய டெண்டருக்கு ஒரு நிறுவனமும் விண்ணப்பிக்கவில்லை. செங்கல்பட்டில் சுமார் 600 கோடி ரூபாயில் கட்டிய ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் ஒரு குப்பிகூடத் தயாரிக்காமல் பூட்டிக் கிடந்தது. கிண்டி பிசிஜி ஆய்வகத்துக்கும் குன்னூர் பாஸ்டியர் நிறுவனத்துக்கும் 2008-இல் உரிமம் நிறுத்தப்பட்டு, இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பக் கிடைத்தும், அவை பழைய வலிமைக்கு வரவில்லை. பொதுத்துறைத் தயாரிப்பை நலியவிட்டதன் விளைவை ஒரு பெருந்தொற்று நடுவில்தான் நாம் உணர்ந்தோம். ஊசி தாராளமாக வரத் தொடங்கியதும் தமிழகத்தின் பழைய களப்பணிக் கட்டமைப்பு கைகொடுத்தது. 2021 செப்டம்பர் 12 அன்று நடந்த முதல் மெகா முகாமில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போடப்பட்டது.

தடுப்பூசி போட்டவர்களுக்கும் நோய் வந்ததே என்ற கடைசிக் கேள்விக்கு, தமிழகக் காவல்துறையில் எடுத்த எளிய கணக்கு ஒன்றைக் காட்டுகிறேன். 2021 ஏப்ரல் 13 முதல் மே 14 வரை, 1,17,524 காவலர்களில் கொரோனாவால் 31 பேர் இறந்தார்கள். ஊசியே போடாத 17,059 பேரில் இறந்தவர்கள் 20. ஒரு டோஸ் போட்ட 32,792 பேரில் 7. இரண்டு டோஸும் போட்ட 67,673 பேரில் 4. ஆயிரம் பேருக்கு என்று கணக்கிட்டால் முறையே 1.17, 0.21, 0.06. அதாவது மரணத்தைத் தடுப்பதில் ஒரு டோஸுக்கு 82 சதவீதமும் இரண்டு டோஸுக்கு 95 சதவீதமும் பலன். தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதற்காகப் புதிய கருவி எதையும் கண்டுபிடிக்கவில்லை. துறையிடம் ஏற்கெனவே இருந்த பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், டெல்டா அலை ஓய்வதற்கு முன்பே விடை வந்துவிட்டது. குறைகளும் உண்டு. இது குலுக்கல் முறை ஆய்வன்று. ஏற்கெனவே உடல்நலம் குன்றியிருந்தவர்கள் ஊசியைத் தவிர்த்திருக்கலாம். காவலர்கள் பொதுமக்களைவிட இளையவர்கள். காலமும் ஒரு மாதம்தான். ஓமிக்ரான் வந்தபின் தொற்றைத் தடுக்கும் திறன் வெகுவாகக் குறைந்தது, மரணத்தைத் தடுக்கும் திறன் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஊசி போட்டும் காய்ச்சலில் படுத்து எழுந்தவரை நம் எல்லோருக்கும் தெரியும். ஊசி போட்டதால் சாகாமல் இருந்தவர் யார் என்று ஒருவரையும் விரல் நீட்டிக் காட்டமுடியாது, மேலே உள்ளதைப் போன்ற ஓர் அட்டவணையில்தான் அவரைப் பார்க்கமுடியும்.